மேனேஜர் என்ற பூனையும் என் தலைமுடி மருந்தும்

எனது பெயர் செர்பில் அய்வாஸ், வயது நாற்பத்து நான்கு, தகப்பனார் பெயர் முர்தஸா. இஸ்தான்புல், ஃபெரிகோய், இன்ஜிர்லி சந்து, கோன்ஜா அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்து வருகிறேன். விவாகரத்தானவள், தனியாக வசிக்கிறேன். முடி நடும் சிகிச்சை நிலையம் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று சொல்லப்பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மளிகைக் கடைக்காரர் ரிஃப்கியின் பூனைக்கு நான் வேண்டுமென்றே விஷம் வைத்ததாகத் தெருவாசிகள் கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது தொடர்பாக எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

எனது வேலை, தலையில் கட்டுடன் வெளியேறும் ஆண்களுக்கு மருந்து போடும் முறையைச் சொல்லி அனுப்புவதும், ஊருக்குப் போன பிறகு அவர்கள் தொலைபேசியில் கேட்பதற்குப் பதில் சொல்வதும் ஆகும். மினாக்ஸிடில் என்ற மருந்தை ஒரு வேளைக்கு ஒரு மில்லி, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, அதற்கு மேல் போடக் கூடாது என்பதை நான் ஒரு நாளில் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு எனக்கே முடி கொட்ட ஆரம்பித்து, வகிடு ஒரு விரல் அகலத்துக்கு விரிந்துவிட்டது. எங்கள் மேலாளர், வரவேற்பில் உட்காருகிறவளின் தலையைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் உள்ளே வருகிறார் என்று கூட்டத்தில் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னாலும் யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்களுக்கு முடி நடுவதற்கு அங்கே ஆள் இருக்கிறது. என்னைப் போன்றவளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதன் பிறகு நான் தோல் மருத்துவர் பின்னுர் அவர்களிடம் போனேன். அவர் அதே மருந்தை ஐந்து சதவீத நுரையாக நாளுக்கு ஒரு முறை மட்டும் போடச் சொன்னார். முதல் வாரங்களில் முடி முன்பை விட அதிகமாகக் கொட்டும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கொட்டியது. குளியலறைச் சல்லடையில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் போட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆண்களுக்கு 'பொறுமையாக இருங்கள்' என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. ஆண்களுக்கு இரண்டு வேளை என்றால் எனக்கும் இரண்டு வேளை போட்டால் என்ன என்று நானாக முடிவு செய்து, காலையிலும் போட ஆரம்பித்தேன்.

அதன் பிறகு கன்னத்திலும் காதோரத்திலும் கறுப்பு ரோமம் முளைத்தது. மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. காலையில் கண் இமைகள் வீங்கியிருந்தன. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் முனெவ்வர் என்ற பெண்மணி படிக்கட்டில் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன செர்பில், ரேஸர் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் மருந்துக் குப்பியை யார் கண்ணிலும் படாமல் குளியலறை அலமாரியில் வைத்தேன்.

மறுபடி மருத்துவர் பின்னுரிடம் போனபோது அவர் எனது நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அந்த ஆம்பளைங்களுக்குச் சொல்ற அளவை உங்க தலையில கொட்டிக்கிட்டீங்களா? உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, காப்பியையும் நிறுத்தச் சொல்லி, இதயப் பரிசோதனைக்கு அனுப்பினார். படபடப்பு அடங்கிய பிறகு இரண்டு சதவீத மருந்தைக் கொடுத்தார். அது நுரையாகக் கிடைக்காது, திரவம்தான். டிராப்பரால் வகிட்டில் சொட்டு சொட்டாக விட வேண்டும். நுரை சீக்கிரம் காய்ந்துவிடும், திரவம் காயாது, பிசுபிசுவென்று வழியும். அந்தத் தலையோடு வரவேற்பில் உட்கார முடியாது என்பதால் காலை வேளையை விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டேன். அதை மருத்துவரும் ஒப்புக்கொண்டார். தலையணை உறை தினமும் எண்ணெய் பட்டது போல ஆகிவிடும்.

ரிஃப்கியின் கடை எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உள்ளது. அவருடைய சாம்பல் நிறப் பூனையை எல்லோரும் மேனேஜர் என்று கூப்பிடுவார்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் முறைப்பதால் அந்தப் பெயர். நான் வேலைக்குப் போன பிறகு அந்தப் பூனை பின்பக்க ஜன்னல் வழியாக வந்து எனது தலையணையில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. உறையில் சாம்பல் ரோமமாக இருக்கும். எனக்கே ஒரு முடி முளைக்கவில்லை, இது உதிர்த்துவிட்டுப் போகிறதே என்று எரிச்சலாக இருந்தது. அடுக்ககக் கூட்டத்தில் அதை நான் சொன்னேன். "இந்தப் பூனைக்கு ஏதாவது ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா நான் பண்ணுவேன்" என்று சொன்னது உண்மை. ஜன்னலுக்கு வலை அடிப்பதைத்தான் அப்படிச் சொன்னேன். ரிஃப்கி, "மேனேஜர் படுக்கிறாருன்னா அது நல்ல தலையணைன்னு அர்த்தம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பிறகு வலை அடிக்கவில்லை. ஆள் வருவதாகச் சொன்னான், வரவில்லை.

சென்ற வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது ரிஃப்கி என் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் முனெவ்வரும் நின்றார். பூனை மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்தபடி கிடப்பதாகவும், கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டு வந்ததாகவும், அது எதையாவது தின்றதா, எதையாவது நக்கியதா என்று வீடு வீடாகக் கேட்டு வரும்படி மருத்துவர் சொன்னதாகவும் கூறினார். "எலி மருந்து, செடிக்கு அடிக்கிற மருந்து, மாத்திரை, ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். எலி மருந்து இல்லை என்று சொன்னேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. முனெவ்வர் எட்டிப் பார்த்து, "அந்த டிராப்பர் குப்பி என்ன?" என்று கேட்டார். "அது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அந்த மருந்துக்கும் பூனைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கதவைச் சாத்தியிருக்க மாட்டேன். முனெவ்வர் அங்கே இல்லாமல் ரிஃப்கி மட்டும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலை நான் திரும்பி வரும்போது கடை வாசலில் தெருவே கூடியிருந்தது. முனெவ்வர் என்னைப் பார்த்து, "வாயில்லாத ஜீவனுக்குச் சொட்டு சொட்டா விஷம் வச்சியா? அந்தக் குப்பியைக் கொண்டா பார்ப்போம்" என்றார். புகாரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஃப்கி ஓரமாக நின்றார். நான் மேலே போய்க் குப்பியை எடுத்து வந்து எல்லோருக்கும் முன்னால் பிடித்துக் காட்டி, "இது விஷம் இல்ல. முடி கொட்டுறதுக்குப் போடுற மருந்து. இதோ பாருங்க" என்று சொல்லி, பின்னலை அவிழ்த்துத் தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினேன். ரொட்டி வாங்க வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஏன் செய்தார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு, கால்நடை மருத்துவர் கேட்ட கேள்விக்கு இது பதிலாக இருக்குமோ என்று எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. ரிஃப்கியையும் அழைத்துக்கொண்டு, குப்பியோடு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். பூனை கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜனில் இருந்தது. மருத்துவர் எஸ்கி என்ற இளம்பெண் குப்பியின் மேல் எழுதியிருந்ததைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைத்தான் காலையிலிருந்து கேட்டுட்டு இருக்கேன். பூனை உடம்பு இதைத் தாங்காது. ஒரு சொட்டு நக்கினா போதும், நுரையீரல்ல தண்ணி கட்டிடும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. தோல் மருத்துவர் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரர் சொல்லவில்லை, எங்கள் நிலையத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. மருந்தோடு வந்த காகிதத்தை நான் முழுவதும் படித்திருக்கிறேன். வீக்கம், அரிப்பு, தலைசுற்றல் எல்லாம் அதில் இருக்கிறது, பூனை இல்லை. இதுவரை ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு இதைச் சொல்லி அனுப்பிய நானும் 'வீட்டில் பூனை இருக்கிறதா' என்று ஒருவரைக் கூடக் கேட்டதில்லை. இந்த ஊரில், பூனை இல்லாத வீடே இல்லாத இந்த ஊரில், அது யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது ரிஃப்கி, தான் போட்டிருந்த கம்பளித் தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "காஞ்சு போன பிறகு நக்கினாலும் அப்படி ஆகுமா, டாக்டர்? துணியில பட்டுக் காஞ்சு போயிருந்தா?" என்று கேட்டார். ஆகும் என்று மருத்துவர் சொன்னார். பூனை என் தலையணையில் படுப்பதை நான் சொல்லியிருந்ததால், அந்த உறையைத்தான் கேட்கிறார் என்று மருத்துவர் நினைத்துக்கொண்டார். ஆனால் மேனேஜர் மதிய நேரத்தில் ரிஃப்கியின் தொப்பிக்குள் முகத்தை வைத்துத் தூங்குவது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தொப்பியின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்ததை நான் பார்த்தேன். இந்தத் திரவம் காய்ந்தால் அப்படித்தான் உதிரும். என் தோள்களில் இருந்து தினமும் தட்டிவிடுகிறேன்.

பூனை வெள்ளிக்கிழமை மதியம் இறந்துவிட்டது.

அன்று நான் வேலை முடிந்து வந்ததும் ரிஃப்கி எனது வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. மூன்று மாதங்களாக இதே மருந்தைத் தலையில் போட்டு வருவதாகவும், கடையின் பின்னறையில் ஒளித்து வைத்திருப்பதாகவும், மனைவிக்குக் கூடத் தெரியாது என்றும் சொன்னார். "அறுபது வயசுல இவனுக்கு எதுக்கு முடின்னு கேட்பாங்க செர்பில். அப்புறம் இந்தத் தெருவில நான் எப்படிக் கடை நடத்துறது?" என்றார்.

"அண்ணே, நான் அதே தெருவில தலையைக் குனிஞ்சு காட்டினேனே. நீங்க அங்கதான நின்னீங்க?" என்று கேட்டேன்.

"நின்னேன்" என்றார். புகாரைத் திரும்பப் பெறச் சொன்னேன். அது இப்போது தன் கையில் இல்லை, தெருவே கையெழுத்துப் போட்டுவிட்டது, திரும்பப் பெற்றால் ஏன் என்று கேட்பார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "ஒண்ணு கேட்கணும்மா. உனக்குத்தான் தெரியும். நெஞ்சு படபடன்னு அடிக்குது. சாயங்காலமானா செருப்பு நுழையல. சீக்கிரம் முளைக்கட்டும்னு கடையில ஆள் இல்லாதப்பல்லாம் போட்டுட்டே இருந்தேன்" என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

கோபம் இருந்தாலும், தொலைபேசியில் கேட்பவர்களுக்குச் சொல்லும் அதே குரலில்தான் பதில் சொன்னேன். இனி ஒரு சொட்டும் போடக் கூடாது, தொப்பியைத் தூக்கி எறிய வேண்டும், நாளைக்கே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். போனாரா என்று தெரியாது. இன்று காலை நான் இங்கே வரும்போது கடை திறந்திருந்தது, கல்லாவில் அவர்தான் இருந்தார். காலில் தோல் செருப்பு இல்லை, வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு இருந்தது.

அந்தப் பூனை எனது தலையணையை நக்கி இறந்ததா, அவருடைய தொப்பியை நக்கி இறந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மருத்துவர் எஸ்கியாலும் சொல்ல முடியாது. நான் விஷம் வைக்கவில்லை. குப்பியையும் தலையணை உறையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ரிஃப்கி சொன்னதை இங்கே சொல்வதில்லை என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. முனெவ்வர் மீதும் இல்லை. அவரிடம் இரண்டு பூனைகள் உள்ளன. இந்த மருந்து யார் வீட்டில் இருந்தாலும் பூனைக்கு ஆகாது என்பதை என் வாயால் சொன்னால் அவர் கேட்க மாட்டார், அதிகாரிகள் சொல்ல வேண்டும்.

ரிஃப்கியை விசாரிக்க அழைக்கும்போது கடை வாசலில் வைத்துக் கேட்காமல், தனியாக, உட்கார வைத்துக் கேட்கும்படியும், படிக்கட்டு ஏறத் தேவையில்லாத அறையில் வைத்துக் கேட்கும்படியும், அதற்கு முன் அவருடைய கால்களைப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டியோ குறைத்தோ எதுவும் எழுதப்படவில்லை. அனைத்தும் எனக்குத் தெரிந்தவரை உண்மை.

(ஒப்பம்) செர்பில் அய்வாஸ்