அறுபத்தொரு ஸ்டேஷன், ஒரு கையெழுத்து

வெல்டா: போட மாட்டேன்.

ராய்ஸ்: நான் இன்னும் கேக்கவே இல்லியே…

வெல்டா: பேனாவை நீட்டிக்கிட்டு வர்றீங்க. அப்புறம் கேக்கறதுக்கு என்ன இருக்கு?

ராய்ஸ்: வெல்டா, மணி மூணு அம்பது. நாலு மணிக்குக் கூரியர் வண்டி வந்திரும். இந்த டுலூத் ஊர்ப் பனியில அவன் ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டான். அறுபத்தொரு ஆம்புலன்ஸ் ஸ்டேஷன், அறுபத்தொரு உறை, உறைக்கு ஒரு டிஸ்க். எல்லாம் ஒட்டியாச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

வெல்டா: ஒட்டினவளே நான்தான். என்கிட்டயே ஒப்பிக்கிறீங்க.

ராய்ஸ்: பதினோரு வருஷமா போடற கையெழுத்துதானே? "ஒண்ணுமே ஏத்தாத சுத்த மிஷின்ல டிஸ்க்கை ஏத்திப் பாத்தேன், சரியா ஓடுது." ஒரே வரி. கீழ உங்க பேரு. அவ்வளவுதான்.

வெல்டா: பதினோரு வருஷமும் மிஷின் சுத்தமா இருந்துச்சு.

ராய்ஸ்: இப்ப மட்டும் என்ன, சாணி அப்பிக் கிடக்கா?

வெல்டா: அதை நீங்கதான் சொல்லணும்.

ராய்ஸ்: நான் என்னத்தச் சொல்ல? திங்கக்கிழமை நீங்கதானே டிஸ்க்கைப் போட்டுப் பாத்தீங்க? ஏறிச்சா இல்லியா?

வெல்டா: ஏறிச்சு.

ராய்ஸ்: நோயாளிப் பதிவேடு திறந்துச்சா?

வெல்டா: திறந்துச்சு.

ராய்ஸ்: கடைசியில வர்ற நம்பர்? பதிவேட்டை ஓட்டற ரன்டைம் பழசுன்னா ஒண்ணுல முடியும், புதுசுன்னா மூணுல முடியும். என்ன காட்டுச்சு?

வெல்டா: மூணு.

ராய்ஸ்: அப்புறம் என்ன தாயே!

வெல்டா: சீக்கிரம் ஏறிடுச்சு.

ராய்ஸ்: என்னது?

வெல்டா: சீக்கிரம் ஏறிடுச்சுன்னேன். ரன்டைம் ஏறும்போது அந்தப் பச்சைக் கோடு பாதியில நின்னு முக்கும். நான் காபி ஊத்தி, ஒரு டோனட்டைத் தின்னு, கையைக் கழுவிட்டு வந்தாலும் அங்கேயே நின்னு முக்கிக்கிட்டிருக்கும். அன்னைக்கு, கோப்பையில பால் ஊத்தறதுக்குள்ள "முடிஞ்சது"ங்குது.

ராய்ஸ்: வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சேன்னு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

வெல்டா: சிரிங்க, சிரிங்க. அந்த ஸ்டேஷன்காரங்களுக்கு முழு சாஃப்ட்வேர் வாங்க வக்கில்லை. நம்ம பதிவேடு ஓடணும்னா, அதை ஓட்டற ரன்டைமும் நம்ம டிஸ்க்லயே போயாகணும். அதுக்குத்தானே ஒண்ணுமே ஏத்தாத மிஷின் ஒண்ணைப் பூட்டி வச்சிருக்கோம்? அதுல ரன்டைம் ஏற நேரமே எடுக்கலைன்னா என்ன அர்த்தம்? ஏற்கெனவே உள்ள இருக்குன்னு அர்த்தம்.

ராய்ஸ்: அடடே… பார்சல் கட்டற அம்மாவுக்கு இவ்வளவு ஞானமா!

வெல்டா: பார்சல் கட்டறவதான். கம்ப்யூட்டர் தெரியாதவதான். அதுக்காகத்தானே ஆர்லோ என்னை அந்த நாற்காலியில உக்கார வச்சான்? "புரோகிராம் எழுதினவன் நான், என் தப்பு எனக்குத் தெரியாது. காகிதத்துல இருக்கறபடி வெல்டா ஏத்திட்டா, ஊர்ல எவனும் ஏத்திடுவான்"னு.

ராய்ஸ்: ஆர்லோ, ஆர்லோ! அவன் குடல்வாலை வெட்டிப் போட்டுட்டு வீட்டில படுத்திருக்கான். அவன் எழுந்து வர்ற வரைக்கும் கம்பெனியைச் சாத்தி வைக்கலாமா?

வெல்டா: வாரக் கடைசியில வந்திடறேன்னான். உங்களுக்குத்தான் பொறுக்கல. பதிவேட்டையும் ரன்டைமையும் நீங்களே உக்காந்து டிஸ்க்ல பேக் பண்ணிட்டீங்க.

ராய்ஸ்: பண்ணினேன்! அவன் மிஷின்லயேதான் பண்ணினேன். புது ரன்டைம் அதுல இருக்கு. பொத்தானை அமுக்கினா தானா பேக் ஆவுது, இதுல என்ன பெரிய…

வெல்டா: ஆவுது. எதை எடுத்து வைக்குது?

ராய்ஸ்: எதைன்னா?

வெல்டா: மிஷின்ல ஓடற புதுசையா? பேக் பண்ற அந்தப் புரோகிராம் தன் மடியில முடிஞ்சு வச்சிருக்கற பழசையா?

ராய்ஸ்: மிஷின்ல இருக்கறதைத்தான்!

வெல்டா: இல்லை, பழசைத்தான் வைக்கும். புதுசை நாமதான் கையால கொண்டுபோய் அது மடியில வைக்கணும். ஆர்லோ ஒவ்வொரு தடவையும் அதைத் திட்டிக்கிட்டே வைப்பான். பக்கத்துல பார்சல் டேப்பை வச்சுக்கிட்டு நின்னவளுக்குத் தெரியாதா?

ராய்ஸ்: மூணு காட்டுச்சு. நீங்களேதான் சொன்னீங்க.

வெல்டா: டிஸ்க்குல இருந்து வந்த மூணா? இல்ல, யாரோ அந்த மிஷின்ல, புது ரன்டைம் உள்ளேயே இருக்கற முழு சாஃப்ட்வேரையும் ஏத்தி வச்சுட்டுப் போன மூணா?

ராய்ஸ்: யாரோன்னா… யாரு?

வெல்டா: அந்த ரூமுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் இடுப்புல தொங்குது.

ராய்ஸ்: வார்த்தையை அளந்து பேசுங்க வெல்டா.

வெல்டா: அளந்துதான் பேசறேன். அளக்கலைன்னா உங்களுக்குக் காது கூசும்.

ராய்ஸ்: சரி… பழசாவே இருக்கட்டும், ஒரு பேச்சுக்கு. இத்தனை நாள் அதுதானே ஓடிச்சு? நாளைக்கே என்ன குடியா முழுகிடும்?

வெல்டா: போன நவம்பர்ல முழுகப் பாத்துச்சே! பழசுல ஒரே ஆளோட பதிவை ரெண்டு பேர் ஒரே சமயத்துல திறந்தா, முதல்ல எழுதினவங்களோடது சத்தமில்லாம அழிஞ்சு போவுது. அந்த மரம் வெட்டற ஆளுக்கு இந்த வலி ஊசி ஆகாதுன்னு ஒருத்தி எழுதினா. எழுதினது காணோம். ஊசியைப் போட்டுட்டாங்க. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சான்.

ராய்ஸ்: பொழைச்சிட்டான்ல?

வெல்டா: இதை அவன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லுங்க. பனி பூட்ஸைக் கழட்டி அடிப்பா.

ராய்ஸ்: கொஞ்சம் கேளுங்க. இன்னைக்கு அனுப்பறேன்னு மாநில ஆபீசுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். தவறினா ஒப்பந்தம் போச்சு. இங்க பத்தொன்பது பேர் வேலை பாக்கறோம். இப்ப இது போகட்டும், அடுத்த மாசம் திருத்தி இன்னொரு டிஸ்க்…

வெல்டா: என்ன சொன்னீங்க?

ராய்ஸ்: என்ன சொன்னேன்?

வெல்டா: "திருத்தி"ன்னீங்க. தப்பு இல்லாததை எதுக்குத் திருத்தணும்? சொல்லிடுங்க ராய்ஸ். இந்த ரூம்ல நீங்களும் நானும்தான்.

ராய்ஸ்: ஞாயித்துக்கிழமை… வந்தேன். டிஸ்க்கைச் சுத்த மிஷின்ல ஏத்திப் பாத்தேன். ஒண்ணு காட்டுச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி பேக் பண்ணினேன். அப்பவும் ஒண்ணு. நாலு தடவை, வெல்டா. எங்க தப்புன்னே தெரியல. அப்புறம்… முழு சாஃப்ட்வேரையும் அந்த மிஷின்ல ஏத்தினேன். மூணு காட்டுச்சு. போதுமா?

வெல்டா: ஆர்லோவுக்கு ஒரு போன் போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பான்.

ராய்ஸ்: மேனேஜர் நான். நான் போய் அவன்கிட்ட…

வெல்டா: அது சரி. ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கறவனை விட உங்க மீசை பெரிசு.

ராய்ஸ்: சொல்லியாச்சு. மனசு குளுந்துச்சா? போடுங்க கையெழுத்தை.

வெல்டா: மாட்டேன்.

ராய்ஸ்: அதான் ஒத்துக்கிட்டேனே!

வெல்டா: நீங்க ஒத்துக்கிட்டதும் மிஷின் சுத்தமாயிடுச்சா?

ராய்ஸ்: அப்ப நாளையிலிருந்து வர வேண்டாம்.

வெல்டா: நாளைக்கு எதுக்கு? இப்பவே கோட்டை மாட்டறேன். இதுக்கு முன்னால பதினெட்டு வருஷம் மீன் ஆலையில ஐஸ்ல நின்ன முதுகு இது ராய்ஸ். வேலை போயிடும்னு வளையறதுக்கு இதுல இனிமே இடமே இல்லை.

ராய்ஸ்: பெரிய முதுகு! குடுங்க அந்தக் காகிதத்தை. நானே போடறேன். மேனேஜர் போட்டா செல்லாதா?

வெல்டா: பேஷா செல்லும். பேரை முழுசா எழுதுங்க.

ராய்ஸ்: ராய்ஸ்… லிண்ட்க்விஸ்ட். போதுமா?

வெல்டா: தேதி?

ராய்ஸ்: இந்தா, தேதியும். மாநில ஆபீசுக்கு ஃபேக்ஸும் போகுது, நல்லாப் பாத்துக்குங்க… போச்சு. அதோ, ஹாரன். பெட்டியில ஒரு கை குடுக்கறது…

வெல்டா: மாட்டேன். வேலையை விட்டுத் துரத்திட்டு, சுமை தூக்கவும் கூப்பிடறீங்க பாருங்க.

ராய்ஸ்: ஆச்சரியமா இருக்கு. வாசல்ல குறுக்கப் படுத்துக்குவீங்கன்னு நினைச்சேன்.

வெல்டா: இந்தப் பனியிலயா? தூக்கிட்டுப் போங்க, அவன் கிளம்பிடப் போறான்.

…

ராய்ஸ்: போயாச்சு! அறுபத்தொண்ணும் போயாச்சு. இவ்வளவு நேரம் கத்தினீங்களே… வேலையும் போச்சு. எதை நிறுத்தினீங்க? ஒரு உறையை நிறுத்த முடிஞ்சுதா?

வெல்டா: நிறுத்தணும்னு யாரு நினைச்சா? நேத்துப் பல்வலின்னு லீவு போட்டேனே, பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆர்லோ வீட்டிலதான் இருந்தேன். தையல் போட்ட வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, அறுபத்தொரு டிஸ்க்கையும் புதுசாப் போட்டுக் குடுத்தான். எங்க வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டற ஸ்டேஷன்ல, டப்பாவை விட்டு வெளியே எடுக்காத மிஷின் ஒண்ணு இருந்துச்சு… அதுல நானே ஏத்திப் பாத்தேன், மூணு காட்டுச்சு. காலையில நீங்க வர்றதுக்கு முன்னால உறைங்களைப் பிரிச்சு, மாத்தி, ஒட்டிட்டேன். உங்க டிஸ்க்குங்க என் கார் டிக்கியில கிடக்கு. இப்பப் போனது அத்தனையும் நல்ல டிஸ்க் ராய்ஸ்… பொய், நம்ம சுத்த மிஷின்ல ஏத்திப் பாத்தேன்ங்கற அந்தக் காகிதம் ஒண்ணுதான். அதுல எம் பேரு எதுக்கு?