பவுல் அண்ணன் பேசிய ஆடியோ

— நல்லாத் தேடிப் பாரு, ஜெனிலா. எங்க வீட்டுக்காரவிய குரலு உன் லேப்டாப்புல ஒரு மூலையிலகூட இல்லவா?

— இல்ல, சௌந்தரியக்கா. போன வருஷமே அழிச்சிட்டேன். பவுல் அண்ணன் இறந்துட்டாங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது.

— நெஞ்சுவலின்னு படுத்தாவ, எந்திரிக்கல. அத விடு. தோணிக்காரவிய வாட்ஸ்அப் குரூப்புல பேசுனத வச்சுத்தான டாக்டர் பட்டத்துக்கு எழுதுத?

— சரின்னு சொன்னவங்க பேச்சு மட்டும்தான்க்கா. அட்மின் என்னச் சேத்துக்கிட்டாருங்கறதுக்காக எல்லார் பேச்சையும் கேக்காம எடுத்துர முடியுமா? ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். அண்ணன் மட்டும் வேண்டாம்னுட்டாங்க.

— அப்படி என்னதான் பேசுனாவளாம்?

— அத உங்ககிட்டகூட நான் சொல்லக் கூடாதுக்கா.

— அடி ஆத்தாடி! எனக்குத் தெரியும்ளா. கடலக் கண்டா பயமா இருக்குன்னு சொல்லிச் சிரிச்சாவ. மாலத்தீவுக்கு வருஷக்கணக்கா தோணியில போன மனுசன்! இது குரூப்பத் தாண்டி வெளிய தெரிஞ்சா தோணிய ஓட்டுத எந்தத் தண்டலும் வேலைக்கு ஏத்த மாட்டான்னு பதறுனாவ. பேர மாத்தி எழுதியிருக்கலாம்லா?

— மாத்தினாலும் நம்ம ஊர்ல படிக்கிறவங்க கண்டுபிடிச்சிருவாங்க. என் ஆராய்ச்சியிலயே அதுமாதிரி ஒரு பேச்சு கிடைக்கலக்கா. ஏன் விட்டேன்னு கைடுகூடத் திட்டுனாரு.

— திட்டு வாங்கிக்கிட்டா அழிச்ச? யூடியூப்காரன் ஒருத்தன் எங்க பேச்சக் கேக்காமக் கொள்ளாமத் தூக்கிப் போட்டான், தெருவே நாறிப்போச்சு. நீ ஒருத்திதான் எங்களயும் மனுசரா மதிச்சுக் கேட்ட. உன்னப் பெத்தவ குடுத்து வச்சவ, தாயி.

— அக்கா, உங்க போன்ல எதுவுமே இல்லையா?

— எனக்கு அவிய போன் கால்தான் போடுவாவ. பேசுவாவ, வச்சிருவாவ. அவிய போனு கடல்ல விழுந்துட்டு. அந்தக் குரூப்பும் கலைஞ்சுட்டு. அந்தச் சிரிப்ப ஒருக்கா கேட்டாப் போதும் எனக்கு. பென் டிரைவு, அது இதும்பாவள, அதுலயும் இல்லவா?

— எல்லாத்துலயும் அழிச்சிட்டேன்க்கா. அழிக்கிறேன்னு அண்ணனுக்கு வாக்குக் குடுத்தேன். மன்னிச்சிருங்க.

— நீ எதுக்கு அழுத? அவியளே சொன்னாவ, 'அந்த நாசரேத்து ஊர்ப் பிள்ள ஜெனிலா சொன்ன சொல்லு மாறாது, இந்நேரம் அழிச்சிருக்கும்'னு. அது மட்டும் பொய்யாப் போயிரணும்னு மாதாவ வேண்டிக்கிட்டேல்லா இங்கன வந்தேன்.