கான்சுவேலோவின் பங்கு

முதல் சோற்றை மணலில் கவிழ்த்தவன் நான்தான், சார்ஜென்ட் ஐயா. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இறாலும் மட்டியும் கணவாயும் மேலே ஜோராக உட்கார்ந்திருந்த அகன்ற வாணலி. அடுப்பிலிருந்து மேசைக்குப் பத்தடி. ஒன்பதாவது அடியில் என் செருப்பை நானே மிதித்துக்கொண்டேன்.

"கடலுக்குத்தான் முதல் பந்தியா, சீமோ?" என்றார் பதிஸ்தே. என் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு இருபது வருட வாடிக்கைக்காரர். கூட அவர் மனைவி கான்சுவேலோ, மகள் நேலா. நேலா நான்கு கோடை இதே கரையில் உயிர்காப்பாளராக இருந்தவள். ஆனால் இது அக்டோபர். காவல் கோபுரம் செப்டம்பரிலேயே காலி. கரையில் வேறு யாரும் இல்லை.

"இன்னொண்ணு வேக நாப்பது நிமிஷம் ஆகும். நான் கடல்ல ஒரு முழுக்கு போட்டுட்டு வரேன்," என்று கான்சுவேலோ எழுந்தார். "என் பங்குல யாராவது கை வச்சீங்க, கரண்டியாலயே அடிப்பேன்."

எங்கள் வலென்சியாவில் வாணலியிலிருந்தே மரக்கரண்டியால் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருக்கும் முக்கோணம் அவரவருடையது. பக்கத்து முக்கோணத்துக்குள் கரண்டி போகாது. சோறு அடுப்பிலிருந்து இறங்கியதும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். தாமதித்தால் குழைந்துவிடும். யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இரண்டாவது சோறு நன்றாக வந்தது. அது ஆறிக்கொண்டிருந்தபோது கடலில் ஒரு கை தெரிந்தது. காற்றைத் தடுக்க நான் கட்டிய நாணல் தட்டி மேசையில் இருந்தவர்களுக்குக் கடலை மறைத்தது. அடுப்படியிலிருந்து எனக்கு மட்டும் தெரியும். நீங்கள் ஆரம்பியுங்கள் என்று அவர் சொல்வதுபோல் இருந்தது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"அம்மாவைக் காணோமே, மாமா?" என்றாள் நேலா.

"கை காட்டிட்டாங்கம்மா. ஆரம்பிக்கச் சொல்றாங்க. அவங்க பங்குக்கு நான் காவல்."

ஆரம்பித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது இரண்டு கைகள் தெரிந்தன. சாப்பிட ஆரம்பிக்கச் சொல்லி யாரும் இரண்டு கைகளையும் தூக்குவதில்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தபின் நான் எலுமிச்சம்பழம் நறுக்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் நீச்சல் தெரிந்தவள் பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னால், முதல் கையைப் பற்றி நான் சொன்னது என்ன ஆகும்? அன்றைக்கு ஏற்கெனவே ஒரு வாணலியைக் கவிழ்த்த கோமாளி நான். இரண்டாவதையும் பாதியில் விட்டு அவர்களை எழுப்ப வேண்டுமா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய் பழக்கப்படி ஒரு வேடிக்கை பேசியது. பதிஸ்தே புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அப்படிச் சிரிக்கிற மனிதரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் முறை பார்த்தபோது கடல் மட்டும் இருந்தது. காபி கொண்டுபோனேன்.

வாணலியில் இரண்டு முக்கோணங்கள் அடிப்பற்று வரை சுரண்டப்பட்டிருந்தன. மூன்றாவது அப்படியே இருந்தது, மேலே மூன்று இறால். அதைப் பார்த்துத்தான் நேலா எழுந்தாள். தட்டியைத் தாண்டிப் போனவள் உடுத்தியிருந்த துணியோடு தண்ணீருக்குள் ஓடினாள். அம்மாவைக் கொண்டுவந்தாள். நேரம் மிகவும் கடந்துவிட்டிருந்தது.

அதன்பிறகு எல்லோரும் என்னிடம் அன்பாகவே இருந்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. "நீ என்னடா பண்ணுவ, முழங்கால் தண்ணிக்கே பயப்படறவன்," என்று பதிஸ்தே என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதயம் நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக என் மனைவி சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் நாலு பேரிடம் சொன்னேன்.

நேற்று நேலா அம்மாவின் கவுனையும் செருப்பையும் எடுத்துப்போக வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு கைகளையும் சேர்த்து. திட்டுவாள் என்று நின்றேன். அவள் கவுனை உதறி மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை பார்த்தப்ப சொல்லியிருந்தாலும் நேரம் இருந்திருக்காது, இல்லம்மா?" என்று கேட்டேன். அவள் ஆமாம் என்று சொல்வாள் என்றுதான் கேட்டேன்.

நேலா கவுனை நான்காக மடித்தாள்.

"இருந்திருக்கும், மாமா. எனக்கு நாலு நிமிஷம் போதும். அம்மாவுக்கும் அது தெரியும். நீங்க அவங்களையே பார்த்துட்டு நிக்கறது தெரிஞ்சுதான் கையைத் தூக்கியிருக்காங்க."