பச்சை விளக்கு எரிந்தபோது போன் என் கையில் இருந்தது

என் பெயர் இருளம்மாள். வயது 64. காலஞ்சென்ற நாகையா என்பவரின் மனைவி. கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லாததால் ஆதார் கார்டைப் பார்த்து எழுதிக்கொள்ளப்பட்டது. ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே காளியம்மன் கோவில் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தமிழ் எழுதவும் வாசிக்கவும் நன்றாகத் தெரியும்.

பட்டாசு கம்பெனி வெடி விபத்தில் இறந்துபோன அருணாதேவி, வயது 21, என் மகள் வயிற்றுப் பேத்தி. அவள் தாயார் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு தகப்பனார் திருப்பூருக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டபடியால் அவளை வளர்த்துப் படிக்கவைத்தது நான்தான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். அவள் ஊருக்கு வடக்கே உள்ள கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலைக்குக் கம்பெனி வேனில் போய் வந்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் போர்மேன் பாண்டிராஜ் என்பவர் எல்லோர் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் டிரேயில் போட்டு வைப்பார். அந்த டிரேயில் கிடந்து ஒரு தடவை கண்ணாடி கீறிவிட்டது. அதிலிருந்து என் பேத்தி போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

அவள் போனில் நாலு பேர் சேர்ந்து ஓடிச் சுடுகிற ஒரு விளையாட்டு விளையாடுவாள். அவளுடைய கூட்டத்தில் காரியாபட்டி காளீஸ்வரன் என்ற பையனும் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நேரில் பார்த்தது கிடையாது, குரல் மட்டும்தான் பழக்கம். முதலில் அவள் ஆம்பிளைப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு விளையாடினாள். பெண் பெயர் வைத்தால் கண்டவனும் அசிங்கமாக எழுதுகிறான், இங்கிலீஷ் கெட்ட வார்த்தையைத் தடுக்கிற ஆட்டத்துக்கு நம் ஊர்க் கெட்ட வார்த்தை தெரியவில்லை என்று சொன்னாள். நான், "நல்லா ஆடுறவ எதுக்குடி அடுத்தவன் பேர்ல ஒளியணும்?" என்று கேட்டேன். அதன் பிறகு அருணாதேவி என்ற சொந்தப் பெயரையே வைத்தாள். அப்படிச் சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

அதன் பிறகு தீபாவளி சீசன் வந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். அந்த நேரம் விளையாட்டில் ஒரு போட்டி நடந்தது. தினமும் முற்பகலில் நாலு பேரும் உள்ளே இருந்தால்தான் கூட்டத்தின் இடம் நிற்கும், ஒருவர் குறைந்தாலும் எல்லோருக்கும் இடம் போய்விடும் என்றாள். அதற்காக என்னை உள்ளே வரச் சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். முதலில் எனக்கென்று தனியாக இருளம்மாள் என்ற பெயரைப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், பின்னால் நம்பர் சேர்த்துக்கொள் என்று ஆட்டம் சொன்னது. "நம்பர் ஒட்டுறதுக்கு நான் என்ன கம்பெனி வேனா?" என்று நான் மறுத்துவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்படியும் ஒரு போனுக்கு ஒரு ஆள்தான், இன்னொரு ஆளுக்கு இன்னொரு போன் வேண்டும் என்று பிறகு தெரிந்தது. ஆகவே அவள் பெயரிலேயே நான் உள்ளே போய் வந்தேன். "நீ சுட வேணாம் அம்மாச்சி, செவத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னாப் போதும். வாயை மட்டும் தொறந்துறாத" என்று சொல்லியிருந்தாள். நானும் பேசாமல் நின்றுவிட்டு வருவேன். நான் உள்ளே இருக்கும்போதெல்லாம் அவர்கள் போனில் என் பேத்தி பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும்.

சம்பவத்தன்று காலை வேன் ஏறுமுன் என் பேத்தி, "நேத்துக் கலந்த மருந்து மிச்சம் அப்படியே கெடக்கு அம்மாச்சி, வாடை ஒரு மாதிரி அடிக்கு. சொன்னா போர்மேன் வைவாரு" என்று சொன்னாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்தவள் போனை அரிசிப் பானை மூடியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். முற்பகலில் நான் முற்றத்தில் உட்கார்ந்து விளையாட்டுக்குள் போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றேன். இருளம்மாள் ஆட்டத்தில் இருந்தபோது கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. ஓடு அதிர்ந்தது. நான், "ஐயோ ஆத்தா" என்று கத்திவிட்டேன். கூண்டுக்குள் இருந்த கோழிகளும் கத்தின. போன் கையிலிருந்து கீழே விழுந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஞானஜோதி, கம்பெனிப் பக்கம் புகை தெரிகிறது என்று என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அதன் பிறகு தரையில் கிடந்த போனில் காளீஸ்வரன் குரல் கேட்டது. "ஏன் நிக்கிற அருணா? ஓடு, ஓடு" என்றது. நான் போனை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

என் பேத்தி வேலை பார்த்த மருந்து ரூமில் இருந்த நாலு பெண்களில் மூன்று பேர் அங்கேயே இறந்துவிட்டார்கள். என் பேத்தியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகம் தெரியவில்லை. கால் விரலில் கிடந்த மெட்டியை வைத்து வேறு பெண் என்று முதலில் சொன்னார்கள். என் பேத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் அழகுக்குப் போட்டுக்கொண்டது என்று நான்தான் அடையாளம் சொன்னேன். பேசாமலே இறந்துவிட்டாள்.

அதன் பிறகு காளீஸ்வரன் ஒரு பதிவை எல்லோருக்கும் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியவந்தது. ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பது அவன் வழக்கமாம். அதில் அருணாதேவி பெயரில் பச்சை எரிகிறது, வெடிச்சத்தம் கேட்கிறது, ஒரு பெண் கத்துகிறாள், அதோடு முடிகிறது. அதைப் பார்த்து, அருணாதேவி ரூமுக்குள் போனை ஒளித்துக் கொண்டுபோய் விளையாடினாள், அந்தப் போனால்தான் தீப்பிடித்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். ஊரும் நம்பியது. இறந்த மற்ற மூன்று பெண்களும் எங்கள் தெருக்காரர்கள். என் பேத்தியைத் தூக்கும்போது அந்த மூன்று வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினாறாம் நாள் தண்ணீர்க் குழாயில் ஒருத்தி என் குடத்தைக் காலால் தள்ளினாள். அவள் மகளைப் பறிகொடுத்தவள், நான் குடத்தை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்து போர்மேன் பாண்டிராஜ் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, அந்தப் புள்ள போன் வீட்ல இருக்கா?" என்று கேட்டார். நான், "அதுதேன் உள்ள கருகிப்போச்சுன்னு நீகதானய்யா ஊரெல்லாம் சொல்லுறீக. கருகினதை என்கிட்ட எதுக்குத் தேடுறீக?" என்று கேட்டேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கே போனை ஞானஜோதி டீச்சர் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு காளீஸ்வரன் துக்கம் கேட்க வந்தான். வாசலில் நின்று "பாட்டி" என்றதுமே குரலை வைத்து இன்னான் என்று தெரிந்துகொண்டேன். "கடைசியா அவ கத்துனது காதுலயே நிக்கு பாட்டி" என்று அழுதான். நான், "அவ கத்தலப்பா. கத்துனது நான்" என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. கத்தலுக்கு மேல் கேட்க மனம் வராமல் அந்த இடத்திலேயே வெட்டி அனுப்பினேன், மிச்சத்தை நானே திரும்பப் போட்டுக் கேட்டதில்லை என்றான். மிச்சத்தைப் போடச் சொன்னேன். போட்டான். கோழிகள் கத்தின. ஞானஜோதி டீச்சர் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருந்து ரூமுக்குள் கோழி ஏது? அந்தப் பையன் போனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அவனும் டீச்சரும் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். விசாரித்துக்கொள்ளலாம்.

மேற்படி போனை இன்று காவல் நிலையத்தில் தங்களிடம் ஒப்படைக்கிறேன். பழைய கீறல் ஒன்றைத் தவிர அதில் ஒரு பொட்டுக் கரி கிடையாது. இந்தக் காகிதம் விளையாட்டு நடத்துகிறவர்கள் வரை போகுமா என்று தெரியவில்லை. போனால், ஒரு வீட்டில் ஒரு போனை இரண்டு பேர் பிடிப்பார்கள், அந்த இரண்டாவது ஆளுக்கும் ஒரு பெயர் கொடுங்கள் என்று நான் சொன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பெயருக்கு உரியவர் இறந்துவிட்டால் அதை வீட்டார் சொல்வதற்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.

போனில் சார்ஜ் இல்லை. நான் வேண்டுமென்றே போடவில்லை. அதைத் திறந்தால் அருணாதேவி வந்துவிட்டாள் என்று மற்றவர்கள் போனில் பச்சை எரியும். நீங்கள் சோதனைக்காகத் திறக்குமுன் அந்த வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காளீஸ்வரன் மூலம் சொல்லிவிட வேண்டும். அவள்தான் என்று நினைத்து அவர்கள் கூப்பிட்டுவிடக் கூடாது.

எழுதியதைத் தங்களிடமிருந்து வாங்கி நானே வாசித்துப் பார்த்தேன். வெடிச்சத்தம் கேட்ட இடத்தில் "அருணாதேவி ஆட்டத்தில் இருந்தபோது" என்று எழுதியிருந்ததை அடித்து, "இருளம்மாள்" என்று என் கையால் எழுதியுள்ளேன். மற்றதெல்லாம் நடந்தபடியும் நான் சொன்னபடியும் இருக்கிறது. இதில் பொய் கிடையாது.

(ஒப்பம்)
இருளம்மாள்