நடைக் குழுவின் உடல்நலம்

மலையில் நடப்பவர்களுக்கு ஷூவைவிடக் காலுறைதான் முக்கியம், மேடம். நல்ல பருத்திக் காலுறையாக இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, அன்றன்று துவைத்துக் காயப்போட்டு மாட்டிக்கொண்டால் பாதி உபாதை வராது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடித்தால் மீதிப் பாதியும் வராது. கிளம்புவதற்கு முன்பே இதை எல்லோரிடமும் சொன்னேன். அவர்களும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அப்படியே செய்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் கிருபாகரன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தர். என் மனைவி பெர்சி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸ். ஊரே அவளிடம் வைத்தியம் கேட்கும். எங்கள் தெருவில் யாருக்காவது தலை சுற்றினால், வாசலில் நிற்கும் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், "அக்கா இருக்காங்களா?" என்பார்கள். ஒருமுறை நானே மாடிப்படியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோது, பிளாஸ்திரியை நானே ஒட்டப் போனேன். "அதை இங்க குடுங்க, கோணலா ஒட்டுவீங்க" என்று வாங்கிக்கொண்டாள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. என் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் சாம்பசிவம் சார். எழுபது வயது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் எங்கெல்லாம் சுனை இருக்கிறது என்று நடந்தே போய்ப் பார்த்து, ஒரு வரைபடம் போட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அலங்காநல்லூர்ப் பக்கம் தொடங்கி, அழகர்மலை, நத்தத்துக் குன்றுகள், கரந்தமலை என்று சுற்றிக் கொட்டாம்பட்டியில் வந்து இறங்குவதாகத் திட்டம். அனுமதியெல்லாம் வாங்கி, பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினோம். சாப்ட்வேர் வேலை பார்க்கும் ஜெயந்துக்கு வழிகாட்டும் பொறுப்பு. வங்கி அதிகாரி பிருந்தாவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பு. கொட்டாம்பட்டிக்காரர் கண்ணுச்சாமிக்குச் சமையல். லோடு ஆட்டோவில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்து, அந்தந்த அடிவாரத்தில் எங்களுக்காக உலை வைத்துக் காத்திருப்பார். எனக்கு என்ன வேலை என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஜெயந்த், "அண்ணே, நீங்க மருந்துப் பெட்டியைப் பாத்துக்கங்க" என்றான்.

சுகாதாரப் பொறுப்பாளர் என்று நானே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். முதலுதவி வகுப்புக்குப் போனேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கினேன். தகரப் பெட்டி ஒன்றுக்கு வெள்ளை அடித்து, மூடியில் சிவப்பில் கூட்டல் குறி வரைந்தேன். பெர்சி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மிச்சம் பெயின்ட் இருந்தா மொட்டைமாடிக் கதவுக்கும் அடிச்சிருங்க" என்றாள்.

முதல் சில நாட்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேடம். காலையில் எல்லோருக்கும் நாடி பார்த்தேன். சாம்பசிவம் சாருக்கு ரத்த அழுத்தம் பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோல இருந்தது. ஜெயந்தின் நாடித்துடிப்பு என்னை அவமதிப்பதுபோல் சீராக இருந்தது. பிருந்தாவுக்கு ஒருநாள் தும்மல் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மூக்குல எறும்பு போயிருச்சு அண்ணே" என்றாள். ஜெயந்தின் குதிகாலில் ஒரு கொப்புளம் கிளம்பியபோது எனக்குள் சின்ன நம்பிக்கை பிறந்தது. அவன் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகு பெட்டியை முக்காலியாக உபயோகிக்க ஆரம்பித்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். கண்ணுச்சாமி அந்தக் கூட்டல் குறியின்மேல் வைத்தே வெங்காயம் நறுக்கினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உயரம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அழகர்மலை அடிவாரத்தில் ஒரு கொடியில் பூனைக்காலிக் காய் காய்த்துத் தொங்கியது. "அதத் தொட்டுறாதீங்க. அந்தச் சுணை பட்டா ஒரு பொழுது பூராச் சொறியணும்" என்று சாம்பசிவம் சார் எச்சரித்தார். நல்ல ஆசிரியர். எதையும் மனதில் பதியும்படி சொல்லுவார். மற்றவர்கள் முன்னே போன பிறகு ஒரு காயை இலையில் சுற்றிப் பறித்துக்கொண்டேன். மறுநாள் காலை, ஜெயந்த் குளித்துவிட்டு வருவதற்குள் அவனுடைய துண்டில் அதை லேசாக உதறினேன்.

ஜெயந்த் ஆடிய ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிருந்தா அதைக் காணொளி எடுத்திருக்கிறாள். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் அவனைப் பிடித்து உட்கார வைத்து, சுணையைத் துடைத்தெடுத்து, முதுகெல்லாம் ரோஸ் நிற லோஷனைப் பூசி, விசிறிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் அடங்கியது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா நான் செத்தேன்" என்றான்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த வாக்கியத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை, மேடம்.

அதன்பிறகு நடந்ததையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலச்சிக்கல் உண்டு. பெர்சி அதற்காக நிலாவாரைப் பொடி வாங்கி ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்திருப்பாள். கிளம்பும்போது அதை என் பையில் எடுத்து வைத்திருந்தேன். மலைக்காற்றில் எனக்கு அது தேவைப்படவில்லை. மாலையில் எல்லோருக்கும் சுக்குமல்லிக் காபி கலந்து கொடுப்பது என் வேலை. சுக்கின் காரத்தில் எதைக் கலந்தாலும் தெரியாது. நான் கண்மூடித்தனமாகக் கொடுக்கவில்லை. வயது, எடை எல்லாம் பார்த்துத்தான் அளந்தேன். ஜெயந்துக்குத் தாராளமாக, பிருந்தாவுக்குக் குறைவாக, சாருக்கு ஒரு சிட்டிகை. யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை.

விடிந்ததும் வேலை செய்தது. அந்தக் காலையை நான் எப்படி நிர்வகித்தேன் என்று அவர்களிடமே கேளுங்கள். ஆளுக்கொரு விசில் கொடுத்தேன். ஒருமுறை ஊதினால் புதர்ப்பக்கம் போகிறேன் என்று அர்த்தம். இரண்டுமுறை ஊதினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். சற்று நேரத்தில் அந்தப் புதர்க்காடு கபடி மைதானம்போல ஆகிவிட்டது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு விசில் வந்த திக்கெல்லாம் ஓடினேன். ஒருவரையும் காக்கவைக்கவில்லை.

அன்றிலிருந்து குழுவில் என் பேச்சுதான். "அண்ணே, இன்னைக்கு நடக்கலாமா?" என்று ஜெயந்த் கேட்பான். "அண்ணே, மோர் குடிக்கலாமா?" என்று பிருந்தா கேட்பாள். சாம்பசிவம் சார்கூட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். இரண்டொரு நாள் விட்டு மறுபடி கொடுத்தேன். அவர்கள் நன்றாகத் தேறிவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கொடுத்தேன்.

இதில் கண்ணுச்சாமி விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். சமையல் சுத்தமில்லை என்று ஜெயந்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. "அவர் கை கழுவுறதை நீங்க பாத்தீங்களா அண்ணே?" என்று பிருந்தா என்னிடம் கேட்டாள். "நான் பாக்கலம்மா" என்றேன். உண்மைதான். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவரைப் போகச் சொன்னார்கள். கண்ணுச்சாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் நின்றார்.

"சுத்துவட்டாரத்துல அம்புட்டுப் பேருக்கும் கல்யாணச் சோறு ஆக்கிப் போட்டவன் நான். சாப்ட்டவன் ஏப்பம் விட்டிருக்கான், இன்னொரு கரண்டி கேட்டிருக்கான். ஒருத்தனும் விசில் ஊதுனது கெடையாது."

எங்கள் பாத்திரம் பண்டங்களை இறக்கி வைத்தார். லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற அவசரத்திலும் அன்றைக்கு வைத்திருந்த ரசத்தை எங்களுக்காக விட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் நானும் நிறுத்திவிட்டேன். நிறுத்தவில்லை என்றால் அவர்மேல் பழி போட்டது பொய்யாகிவிடும் அல்லவா. எல்லோரும் தேறினார்கள். பிருந்தா ரவா உப்புமா கிண்டினாள். ஜெயந்த் பாட ஆரம்பித்தான். சாம்பசிவம் சார், விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்று வேகமாக நடந்தார். கரந்தமலையில் யாருக்கும் தெரியாத ஒரு சுனையைக் கண்டுபிடித்துச் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினார். அன்று மாலை காபி கலக்கத் திரும்பினேன். பிருந்தா என் பெட்டிமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சாம்பசிவம் சார் பாறை நிழலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினேன். அதில் ஒரு எண்ணும் வரவில்லை. நான்தான் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. சார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கிருபா, என்னய விட்டுட்டுப் போயிராதீங்க" என்றார். தலைமை ஆசிரியரையே எதிர்த்துப் பேசிய மனிதர். அவர் கண்ணில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஜெயந்த் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்காகப் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடக் கிளம்பினான். "எதுக்குப்பா, நான் இருக்கேன்ல" என்றேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் பிருந்தாவுக்கு என்மேல் அந்த அளவு நம்பிக்கை இல்லை. பாறை உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்ததும் பெர்சியைக் கூப்பிட்டிருக்கிறாள். பெர்சி கண்ணுச்சாமியின் நம்பரை வாங்கி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு வண்டி போகும் பாதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விரட்டப்பட்ட மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் நத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வரும்போது ஒரு தூக்குச்சட்டி நிறையக் கஞ்சியும் கொண்டுவந்தார்.

பெர்சி வந்ததும் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். உசிலைமரக் கிளையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசியை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் சார் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். அதன்பிறகு பஞ்சு எடுப்பதற்காக என் பையில் கையை விட்டவள், சம்படத்தோடு கையை எடுத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா கொடுத்தது. மூடியில் 'பெர்சி' என்று பெயர் வெட்டியிருக்கும்.

"இதை வீடு பூராத் தேடுனேன்" என்றாள். மூடியைத் திறந்து பார்த்தாள். முக்கால்வாசி காலியாகியிருந்தது. சாரைப் பார்த்தாள். ஜெயந்தையும் பிருந்தாவையும் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் போட்டீங்க?"

"எடை பாத்துத்தான் போட்டேன் பெர்சி."

ஜெயந்தின் வாயில் கடித்த பிஸ்கட் அப்படியே நின்றது. அதை விழுங்கிவிட்டு அவன், "அண்ணே, அந்தத் துண்டும் நீங்கதானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பெர்சி தலையில் கை வைத்துக்கொண்டு என் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த கண்ணுச்சாமி கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அப்ப என் கை?"

"உங்க கை சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல சார்."

இதற்கு நான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சமையலால்தான் எங்களுக்கு வயிற்றுப்போக்கு என்ற செய்தி அதற்குள் பரவி, மேலூரில் ஒரு கல்யாண வீட்டார் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். என்மேல் வழக்குப் போட வேண்டும் என்பது அவர் நோக்கம் இல்லை. அந்தக் கல்யாண வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, நடந்ததை நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார். நியாயம்தான். சொல்கிறேன். நீங்கள் எந்த நாள் சொன்னாலும் வருகிறேன். நிலாவாரையை நான்தான் கலந்தேன், மூன்று பேருக்கும், பலமுறை, தெரிந்தே கலந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாம்பசிவம் சார் என்மேல் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, "கிருபா, மிச்சமிருக்கிற சுனைக்கு நீங்க வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். உடம்பு தேறி, போன வாரம் மறுபடி கிளம்பிவிட்டார்கள். கண்ணுச்சாமிதான் சமையல். அவரிடம் மூன்று பேரும் மன்னிப்புக் கேட்டு அழைத்துப் போனார்கள். சுகாதாரத்துக்கென்று யாரும் போகவில்லை. நேற்று பிருந்தா பெர்சிக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லையாம். தலைவலிகூட இல்லையாம். நன்றாகச் சாப்பிடுகிறார்களாம், நன்றாக நடக்கிறார்களாம்.

அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது, மேடம். பார்க்க ஒரு ஆள் இல்லை என்றால் நோய் இருப்பதே தெரியாது.