மயில்சாமியின் முளைப்பாரி

"ஹலோ... ஹலோ! ரைஸ்மில்லுங்களா?... மயில்சாமிங்க, போர் போடற ரிக் லாரி மயில்சாமி... சேலத்துல இருந்து பேசறனுங்க. என்ற சம்சாரம் பூவாத்தாளச் சித்த... எதுத்தாப்புல கோயில்லதான் நிக்கறாளா? கூப்புடுங்க சாமி, அவசரம்... சரிங்க, சரிங்க, லைன்லயே இருக்கறனுங்க."

செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீஸில், ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான் மயில்சாமி. வழியில் வண்டி மட்டும் மக்கர் பண்ணாதிருந்தால், திருவிழாவுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். வீட்டு உள்ளறையில், ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, மண்சட்டிகளில் வளர்த்த கஞ்சா நாற்றுகளையும் சத்தமில்லாமல் இடம் மாற்றியிருப்பான். என்ன நாற்று என்று பொண்டாட்டி கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்திருந்தான். மாரியம்மனுக்கு வேண்டுதல், முளைப்பாரி போட்டிருக்கிறேன் என்று!

"பூவாத்தா? நாந்தான்... ஆமா, ஆமா, சாப்பிட்டேன். ஊட்டுல அந்தச் சட்டியெல்லாம்... ம்... தண்ணி தெளிச்சியா... மஞ்சத்தண்ணியா?... ம்... இளவெயில்ல வெச்சு வெச்சு எடுத்தியா... எலி வருமுன்னு அங்கயே பாயப் போட்டுப் படுத்தியா!... விரதமா? நீ எதுக்கு புள்ள விரதம்?... ஆமா. நாந்தான் சொன்னேன். ஆமா... வேண்டுதல்னு சொன்னேன்."

ரிசீவரை வாயோடு இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

"சரி, இப்ப சட்டியெல்லாம் ஊட்டுலதான... எங்க?... கோயில்லயா! நான் வர்ற வரைக்கும் எடுக்காதன்னு சொன்னனில்ல?... ஓ... வேண்டுதல் தவறிப் போயிருமுன்னு... நீயே தலைமேல வெச்சு..."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்காரர் சைபுல்லா, வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க பாய், ஊட்டு விசயம்... பூவாத்தா, மெதுவாப் பேசு. கும்மி ஆரம்பிச்சாச்சா?... எல்லாருதும் மஞ்சளா வெளுத்துக் கெடக்க, நம்முளுது மட்டும் பச்சைப் பசேல்னு... தர்மகர்த்தாவே முன்வரிசையில வெக்கச் சொன்னாரா... இல்லயில்ல, சந்தோசந்தான்... போலீஸ்காரரா? எந்தப் போலீஸ்காரரு?... பந்தோபஸ்துக்கு வந்தவரா... என்ன தானியம்னு கேட்டாரா! நீ என்ன சொன்னே?... வடநாட்டுத் தானியம், எங்கூட்டுக்காரரு கொண்டாந்தாருன்னு... என்ற பேரையுஞ் சொன்னியா... ஐயோ."

போனை வைத்துவிட்டு இந்த நிமிஷமே எங்காவது ஓடிவிடலாம். ஓடினால்? அந்தச் சட்டிகளோடு ஊர் நடுவில் நிற்பது அவளல்லவா!

"ஏம் புள்ள, அழுவறியா?... சந்தோசத்துலயா... கெட்ட பழக்கமெல்லாம் உட்டுட்டு மனுசனாயிட்டான்னு ஊரே சொல்லுதா... பூவாத்தா, போதும். சொல்றதக் கேளு... கேளுன்னேன்!... அது முளைப்பாரி இல்ல."

ரிசீவருக்குள் பம்பைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கஞ்சா... ஆமா... ஆமா, கஞ்சாச் செடி. விக்கறதுக்குத்தான்... அம்மன் பேரச் சொல்லித்தான் ஏமாத்துனேன்... திட்டு. நல்லாத் திட்டு... ஆமா, நாக்கு அழுகத்தான் வேணும்."

சைபுல்லா நாற்காலியை நகர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முறைத்திருந்தால்கூட மயில்சாமிக்கு இத்தனை கூசியிருக்காது.

"இப்ப ஒண்ணு பண்ணு. பூச்சி உழுந்துருச்சுன்னு சொல்லிக் கெணத்துல... இல்ல. இல்ல, சொல்ல வேண்டாம்... சரி, சரி, இன்னொரு பொய் வேண்டாம். நான் வாரேன், வந்து... அதுக்குள்ள ஊர்வலம் கெளம்பிருமா... பூவாத்தா? யாரக் கூப்புடறே?... போனை யாருகிட்டக் குடுக்கறே? பூவாத்தா! அடி, பூவாத்தா!"

அடுத்த நொடி, எதிரில் ஆள் நிற்பதுபோல முதுகை வளைத்தான்.

"வணக்கமுங்க ஐயா... ஆமாங்க, மயில்சாமிதானுங்க... ஆமாங்க, என்னோடதுதானுங்க. அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, சாமிக்குன்னு நெனச்சு வளர்த்துனாளுங்க... செவ்வாய்ப்பேட்டை, சைபுல்லா பாய் லாரி ஆபீஸுங்க... இல்லீங்க, எங்கயும் போகமாட்டனுங்க. ஜீப்பு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கறனுங்க... ஐயா, மறுக்கா அவ தலைல அத ஏத்த மட்டும் உட்டுறாதீங்க... ஐயா, அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை... சித்த போனைக் குடுங்க..."

காத்திருந்தான்.

"...மாட்டேங்கறாளா?... சரிங்க... சரிதானுங்க."

லைன் கட்டாயிற்று.