ஒரு விரற்கடை

நாற்காலியைச் சற்று இப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே மதிய வெயில் முகத்தில் அடிக்கும். விபத்து விசாரணைக்கு வந்த அதிகாரி என் பட்டறையில் வியர்த்துக்கொண்டிருப்பது எனக்கு உவப்பான காட்சியன்று. தாங்கள் அளந்தது சரிதான். அந்த அளவுகுச்சி இருக்க வேண்டிய நீளத்தைவிட ஒரு விரற்கடை குறைவு. அது தேய்ந்து குறையவில்லை. நான் குறைத்தேன்.

சிறிய விமானங்களில் எரிபொருள் காட்டும் முள்ளை எவரும் முழுமையாக நம்புவதில்லை. ஆகையால் புறப்படுமுன் இறக்கைமேல் உள்ள மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியைத் தொட்டியின் அடிவரை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். குச்சியின் அடியை அறுத்துவிட்டால் கோடுகள் அனைத்தும் கீழே இறங்கிவிடும். இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் குச்சி சாட்சி சொல்லும். இறக்கைத் தொட்டி ஆழமற்றது; அதில் ஒரு விரற்கடை என்பது வெகுதூரப் பறப்பு. அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, பழைய எண்ணெய் தடவி நிறமேற்றினேன். என் கைவேலையில் என்றுமே குறை இருந்ததில்லை.

விமானத்தை ஓட்டியவள் என் தங்கை. பெற்றோர் இருவரும் போனபின் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவனும் நான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்தவனும் நான். விமானம் ஓட்டக் கற்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோதுகூட நான் தடுக்கவில்லை. நான் பழுதுபார்க்கும் விமானத்தில்தானே பறக்கப்போகிறாள், மாலையில் வீடு திரும்பிவிடுவாள் என்று எண்ணினேன். பின்னர், கடலுக்கு அப்பால் தீவுகளுக்குத் தபால் கொண்டுசெல்லும் நிறுவனம் ஒன்று அவளை அழைத்தது. தனியே ஒரு நெடும்பயணம் பறந்து முடித்தால் வேலை உறுதி. போனவள் எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். லீவு கிடைக்கும்போது என்றாள்.

அந்த நெடும்பயணத்தன்று காலை அவள் ஏணியில் நின்று குச்சியை விட்டுப் பார்த்தாள். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னண்ணா, மூஞ்சிய உம்முனு வச்சிருக்க? நான் போயிட்டா நிம்மதியா குறட்டை விடலாம்ல?”

“குறட்டை விடறது நீதான்டி, வாலு. ஒழுங்கா பாத்தியா?”

“நிறைய இருக்குண்ணா. போய்ச் சேந்தப்புறமும் மிஞ்சும்.”

வால்பகுதிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெயிண்டர் தலையை நீட்டினார். “நல்ல கூத்து! பறக்கறது தங்கச்சி, மேல்மூச்சு வாங்கறது அண்ணன்!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள்மீது ஒரு கீறலும் விழக் கூடாது என்பதே என் திட்டம். இயந்திரம் நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. உயரம் இருந்தால் காற்றில் சறுக்கி, இடம் பார்த்து இறங்கலாம். அதில் அவள் கைதேர்ந்தவள். எரிபொருளை நிரப்பியவனும் நானே; அது தீரும் இடத்தைக் கணித்திருந்தேன். அங்கே அறுவடை முடிந்த வயல்கள் உள்ளங்கைபோல் சமமாகக் கிடந்தன. இயந்திரக் கோளாறு என்றால் விமானிக்கு அனுதாபம் கிடைக்கும். பெட்ரோல் தீர்ந்து இறங்கினால் கேலிதான் மிஞ்சும், வேலை கிடைக்காது. எனக்கு வேண்டியது அந்தக் கேலி மட்டுமே. அவமானத்தை நான் ஆற்றிவிடுவேன், அதற்குத்தானே அண்ணன்.

இறங்கியவுடன் அவள் முதலில் என்னைக் காண வேண்டும் என்று, போர்வையும் சூடான தேநீரும் எடுத்துக்கொண்டு வயலோரச் சாலையில் வேனை நிறுத்திக் காத்திருந்தேன். இது ஒன்றை நான் முன்னரே யோசித்திருக்க வேண்டும். மேலிருந்து அவள் என் வேனை அடையாளம் கண்டுகொண்டாள். நேரே போகாமல் தாழ்ந்து இறங்கி, என் தலைக்கு மேல் ஒரு வட்டமடித்தாள். முகம்கூடத் தெரிந்தது. “மேல போடி, மேல போ” என்று கையை வீசினேன். அவளும் பதிலுக்குக் கையசைத்தாள். அந்தத் திருப்பத்தில் இயந்திரம் நின்றது. சறுக்கி இறங்க உயரம் இல்லை. ஓர் இறக்கை முதலில் தரையைத் தொட்டது.

அவளிடம் முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான்தான். அதில் மட்டும் கணக்குத் தப்பவில்லை.

மருத்துவமனையில் அவள் கண்விழித்துப் பேசிய முதற்பேச்சு இது: “நடு ரோட்டுல நின்னியா, உன் வண்டி மக்கர் பண்ணிடுச்சோன்னு பாக்க வந்தேண்ணா.” சற்று நேரம் சென்றபின், “முள்ளு கம்மியாத்தான் காட்டுச்சு. நான் குச்சிய நம்பினேன். அவசரத்துல சரியா பாக்கல போல. என் தப்புதான்” என்றாள்.

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “விடுடி, யாருக்கும் நடக்கறதுதான்” என்றேன். உண்மையாகவே அவளை மன்னித்துவிட்டேன்.

இடுப்புக்குக் கீழ் அவளுக்கு உணர்ச்சி இல்லை. இனி வராது என்கிறார் மருத்துவர். வீட்டின் முன்னறையில் படுத்திருக்கிறாள். புண் வராதிருக்க நான்தான் அவளைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். ஒவ்வொரு முறையும், “உனக்கு எவ்ளோ கஷ்டம்ண்ணா” என்று அழுகிறாள். வானில் விமான ஒலி கேட்டால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்; அதற்காகச் சன்னல்களை அடைத்திருக்கிறேன். மற்றபடி வீடு பழையபடி இருக்கிறது. இரவில் ஒன்றாகவே சாப்பிடுகிறோம்.

தாங்கள் எழுதவேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. தெரிந்தால் எப்படியாவது இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவாள். வெளியே அவளை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?